கரன்ட் வைக்காத பிசியோ: ஒரு மாவுக்கடைக்காரியோட அனுபவம்

திருச்சி உறையூர்ல வீட்டு முன் அறையில இட்லி மாவு அரைச்சு விக்கிறேன். பதினோரு வருஷமாச்சு. எனக்கு 46 வயசு. முதுகுவலிக்காக ரெண்டு இடத்துல பிசியோதெரபி பார்த்தேன். ஒரு இடத்துல காசு போச்சு, இன்னொரு இடத்துல முக்கால்வாசி வலி போச்சு. மாவு வாங்க வர்றவங்கள்ல பாதிப்பேர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படியேறுறாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் கதையை முதல்ல இருந்து சொல்லி முடியல. எழுதி வச்சிட்டா, இந்தா படிச்சுக்கோன்னு அனுப்பிடலாம்.

ரெண்டு இடத்துக்கும் பேர் போடல. முதல் இடத்தைத் திட்டப்போறேன், அதனால வேண்டாம். ரெண்டாவது இடத்து மேடமோ, “வர்ற கூட்டத்துக்கே நேரம் பத்தலக்கா, பேரெல்லாம் போட்டுறாதீங்க”ன்னு சிரிச்சுட்டாங்க. தில்லை நகர்ல ஒரு கிராஸ் ரோட்டுல ரெண்டாவது மாடி. நேர்ல வந்து கேட்டா வழி சொல்றேன்.

வலி வந்தது போன ஆடி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. கூழ் ஊத்துற வீடுகள், விசேஷ வீடுகள்னு ஆர்டர் கூடுதலா இருந்துச்சு. காலைல நாலரைக்கு எழுந்தேன். குட்டை விளக்குமாத்தால வாசல் கூட்டி, தண்ணி தெளிச்சு, பதினஞ்சு புள்ளிக் கோலம். நிமிராமலே போட்டு முடிச்சேன், அதுல ஒரு பெருமை வேற. உள்ள வந்து ஊறின அரிசி இருக்கிற குண்டானைத் தரையில இருந்து தூக்குனேன். நடு இடுப்புல சுருக்குனு ஒரு இழுப்பு. குண்டானைக் கீழ வச்சிட்டேன், ஆனா நிமிர முடியல. அப்படியே சுவத்தைப் பிடிச்சு நின்னது ஒரு கால் மணி நேரம் இருக்கும். கிரைண்டர்ல உளுந்து மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அன்னையில இருந்து குனிஞ்சா வலி, குனிஞ்சு நிமிர்ந்தா அதைவிட வலி. பஸ்ல சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வந்தா எறங்கும்போது கூன் விழுந்த மாதிரி எறங்குவேன். இடது பக்கம் பிட்டத்துல ஆரம்பிச்சு தொடைக்குப் பின்னால முட்டிக்கு மேல வரைக்கும் ஒரு குடைச்சல். ஆனா நடந்தா நல்லா இருக்கும். இந்த “நடந்தா நல்லா இருக்கு”ங்கிறதை யாருமே காதுல வாங்கல. அதான் முக்கியமான துப்புன்னு பின்னாலதான் தெரிஞ்சுது.

வீட்டு வைத்தியம் எல்லாம் ஆச்சு. வாயுப் பிடிப்புன்னு சித்தி பூண்டும் பெருங்காயமும் குடுத்தாங்க. காலால பொறந்தவங்க முதுகுல மிதிச்சா விட்டுடும்னு பக்கத்து வீட்டு அக்கா அவங்க பையனைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. பத்து வயசுப் பிள்ளைன்னா யோசிச்சிருப்பேன். அவன் காலேஜ் ரெண்டாம் வருஷம், எண்பது கிலோ இருப்பான். காபி குடுத்து அனுப்பிட்டேன்.

முதல்ல போன பிசியோ சென்டர் பெரிசு. ஏசி, மீன் தொட்டி, வரவேற்புல கம்ப்யூட்டர். பத்து சிட்டிங் பேக்கேஜ் 3500 ரூபாய், மொத்தமா முன்னாலயே கட்டணும். குப்புறப் படுக்கச் சொல்லி, நனைஞ்ச பஞ்சு வச்ச பட்டையை இடுப்புல நாலு இடத்துல ஒட்டி, கரன்ட். ஐஎஃப்டின்னு பேராம். எறும்பு ஊர்ற மாதிரி ஜிவ்வுனு இருக்கும். பதினஞ்சு நிமிஷம் ஆனதும் மிஷின் தானா கீச்சுனு கத்தும், ஒரு பொண்ணு வந்து கழட்டும். அப்புறம் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட், ஸ்கேன் இல்ல, ஒலி அலையால குடுக்கிற வைத்தியம். அப்புறம் இடுப்புல பெல்ட்டைக் கட்டி மிஷினால இழுக்கிறது, டிராக்‌ஷன். பொய் சொல்லக்கூடாது, வெளிய வந்து ரெண்டு மணி நேரம் சொகமாத்தான் இருக்கும். சாயங்காலம் மாவு வழிக்கக் குனிஞ்சா பழைய குருடி கதவைத் திறடி.

என் வருத்தம் கரன்ட் வச்சதுல இல்ல. பத்து நாள்ல ஒருத்தர்கூட “எழுந்து நில்லும்மா, குனிஞ்சு காட்டு”ன்னு சொல்லல. என்ன வேலை செய்யறேன்னு கேட்கல. ஃபார்ம்ல “ஹவுஸ் வைஃப்”னு அவங்களே எழுதிக்கிட்டாங்க. ஒரு நாளைக்கு நாப்பது கிலோ மாவு அள்ளுற ஹவுஸ் வைஃப்! பத்தாவது நாள், சரியாகலைன்னு சொன்னேன். 900 ரூபாய்க்கு இடுப்பு பெல்ட்டும், இன்னொரு பத்து சிட்டிங்கும் சொன்னாங்க. பெல்ட் வாங்குனேன். இன்னொரு பத்து வேண்டாம்னுட்டேன்.

அதுக்கு நடுவுல எம்.ஆர்.ஐ. வேற எடுத்தாச்சு. எல்4–எல்5ல டிஸ்க் பல்ஜ்னு ரிப்போர்ட். அதாவது கீழ் முதுகுல ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருக்காம். டிஸ்க்குங்கிற வார்த்தையைக் கேட்டதும் வீட்டுக்காரர் மூஞ்சி செத்துப்போச்சு. “கிரைண்டரை வித்துடலாம்”னு ராத்திரி மெதுவா சொன்னார். அன்னைக்குத்தான் நான் அழுதேன்.

ரெண்டாவது இடம் எனக்குக் கிடைச்சதே எங்க தெருத் தாத்தாவாலதான். அவருக்குப் பக்கவாதம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’னு 2021ல அரசாங்கம் ஆரம்பிச்ச திட்டத்துல, வீட்டுக்கே ஒரு பிசியோ பொண்ணு வந்து பயிற்சி குடுக்கும். அது ஒரு நாள் மாவு வாங்க வந்தப்ப நான் நிமிர்ற அழகைப் பார்த்துட்டு, “அக்கா, படுத்துக்கிட்டு கரன்ட் வாங்குனா மட்டும் போதாது. நீங்க எப்படி அசையுறீங்கன்னு பார்க்கிற ஆளா பாருங்க”ன்னு சொல்லி, இந்த மேடம் நம்பரைக் குடுத்துச்சு.

முதல் நாள் ஃபீஸ் 600, முக்கால் மணி நேரம். அடுத்தடுத்து வந்தா 400. பேக்கேஜ் கிடையாது, வந்த அன்னைக்கு மட்டும் குடுத்தாப் போதும். அறையில ரெண்டு கட்டில், ஒரு ஆளுயரக் கண்ணாடி, மூலையில ஒரு பிவிசி பைப். கரன்ட் மிஷின் ஒன்னு இருக்கு, துணி போட்டு மூடி வச்சிருந்தாங்க.

உட்கார்ந்ததும் கேட்ட கேள்விகளே வேற மாதிரி. ஒன்னுக்கு போறதுல, வெளிக்கு போறதுல மாத்தம் இருக்கா? உட்கார்ற இடத்துல, தொடை இடுக்குல மரத்துப்போச்சா? பாதம் தூக்க முடியாம செருப்பு தானா கழண்டு போகுதா? காய்ச்சல் உண்டா, காரணமே இல்லாம எடை குறைஞ்சுதா? எல்லாத்துக்கும் இல்லைன்னதும்தான், “இதுல ஒன்னு இருந்தாக்கூட என்கிட்ட உட்காரக்கூடாதுக்கா, நேரா பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பிருப்பேன்”னாங்க. அப்புறம் வேலையைப் பத்தி. எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க, எழுந்ததும் முதல்ல என்ன செய்வீங்க, குண்டான் எவ்வளவு கனம், எங்க வச்சிருப்பீங்க, எந்தக் கையால அள்ளுவீங்க. கிரைண்டர் உயரத்தைக் கையால காட்டச் சொன்னாங்க. எனக்கே சந்தேகம் வந்துச்சு, மாவுக்கடை வைக்கப்போறாங்களோன்னு.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை நீட்டுனேன். படிச்சிட்டு மடிச்சு என் கையிலயே குடுத்துட்டாங்க. வலியே இல்லாத ஆளுங்களை ஸ்கேன் எடுத்த ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2015ல ஒரு கணக்கு வந்துச்சாம். 40 வயசுல, முதுகுல ஒரு தொந்தரவும் இல்லாதவங்கள்லயே பாதிப்பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருக்கு. 80 வயசுல நூத்துக்கு 84 பேருக்கு. “நரைமுடி மாதிரிக்கா. உங்க வலிக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் படத்துக்கு வைத்தியம் பார்க்கல, உங்களுக்குத்தான் பாக்குறேன்.” பக்கத்துல நின்ன வீட்டுக்காரர் அப்பத்தான் பெஞ்சுல உட்கார்ந்தார்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா இதுக்குத்தான் 600 ரூபாய்.

நிக்க வச்சு, பத்து தடவை முன்னால குனிஞ்சு நிமிரச் சொன்னாங்க. ஒவ்வொரு அஞ்சு தடவைக்கும் “இப்ப வலி எங்க இருக்கு, விரலால தொட்டுக் காட்டுங்க”. முதல்ல இடுப்புல காட்டுனேன். பத்தாவதுல தொடையைக் காட்டுனேன். அதைக் குறிச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் விட்டு, ரெண்டு கையையும் இடுப்புக்குப் பின்னால குடுத்து பின்பக்கமா வளையச் சொன்னாங்க. பயமா இருந்துச்சு, உடைஞ்சுடும் போல. மூணாவது தடவை வலிச்சுது. ஆறாவது, ஏழாவதுல தொடைக் குடைச்சல் இல்ல. பத்தாவதுல வலி நடு இடுப்புல ஒரு எட்டணா காசு அகலத்துல நின்னுச்சு. அங்க மட்டும் முன்னைவிட நல்லாவே வலிச்சுது.

“இடுப்புல கூடிருச்சே மேடம்”னேன்.

“கூடட்டும். கால்ல இருந்து ஏறி நடுவுக்கு வந்துச்சுல்ல? அதான் வேணும். வலி மேல ஏறுனா பயப்படாதீங்க. கால் பக்கம் இறங்குனா மட்டும் நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணுங்க.”

அப்புறம் குப்புறப் படுத்து முழங்கை ஊணி ரெண்டு நிமிஷம். அது பழகினதும் உள்ளங்கை ஊணி, இடுப்பைத் தரையிலயே விட்டுட்டு நெஞ்சை மட்டும் தூக்குறது. பாம்பு தலையைத் தூக்குமே, அப்படி. படுத்திருக்கும்போது ஒரு கதை சொன்னாங்க. 1956ல நியூசிலாந்து, வெலிங்டன்ல ராபின் மெக்கென்சின்னு ஒரு பிசியோ. கால் வரைக்கும் வலி இறங்கின ஒரு நோயாளியை உள்ள போய்க் குப்புறப் படுங்கன்னு சொல்லிட்டு வேற ஆளைப் பார்க்கப் போயிட்டார். கட்டிலோட தலைமாட்டுப் பக்கம் முன்னால பார்த்த ஆளுக்காகத் தூக்கி வச்சபடியே இருந்திருக்கு. அந்த மனுஷன் அதுலயே முதுகு பின்னால வளைஞ்சு படுத்துட்டார். மெக்கென்சி திரும்பி வந்து பார்த்துப் பதறிட்டார், அந்தக் காலத்துல அப்படி வளைக்கிறது கெடுதல்னு நெனப்பு. ஆனா அந்த ஆள், “வாரக்கணக்கா இருந்த கால்வலி இப்ப இல்ல”ன்னாராம். அங்கிருந்து வளர்ந்ததுதான் இந்த முறை. எல்லாருக்கும் பின்னால வளையுறது ஒத்துக்காது, சிலருக்கு முன்னால குனியுறதுதான் சொகம் குடுக்கும், அதனாலதான் ரெண்டையும் செய்ய வச்சுப் பார்த்தேன்னாங்க. யூடியூப் பார்த்து நான் ஏன் செஞ்சிருக்கக்கூடாதுன்னு கேட்ட என் மகனுக்கு இதைத்தான் பதிலாச் சொன்னேன்.

ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து பத்தா அந்தப் பாம்புப் பயிற்சி. கடைக்குள்ள எங்க படுக்கிறது? கட்டில்ல படுத்தா அமுங்குதுன்னு, அரிசி மூட்டைக்குப் பக்கத்துல கோரைப்பாய் விரிச்சு வச்சுட்டேன். மாவு வாங்க வந்தவங்க, கடைக்காரி தரையில கிடக்கிறதைப் பார்த்து ரெண்டு தடவை கூச்சல் போட்டாங்க.

ஆனா பயிற்சியைவிட எனக்குப் பெரிய திருப்பம் காலை வேளை விஷயம். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணியை உறிஞ்சி உப்பிடுமாம். அதனால காலைல எழும்போது நாம ஒன்னு, ரெண்டு சென்டிமீட்டர் உயரமாக்கூட இருப்போமாம். எழுந்து நடமாடுற முதல் ஒரு மணி நேரத்துலயே அதுல பாதி வடிஞ்சுடும். அதுக்கு முன்னால குனிஞ்சா டிஸ்க்ல விழுற இழுவை ரொம்ப அதிகம். 1998ல அமெரிக்காவுல நாள்பட்ட முதுகுவலிக்காரங்களை, காலைல எழுந்த கையோட குனியாதீங்கன்னு பழக்கிப் பார்த்திருக்காங்க, வலி குறைஞ்சிருக்கு. மேடம் தண்ணி உறிஞ்சி உப்புதுன்னதும் எனக்கு உளுந்துதான் ஞாபகம். ராத்திரி பூரா ஊறுன உளுந்து எப்படி விண்ணுன்னு இருக்கும், நகத்தால தொட்டாலே தோல் தெறிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நான் குட்டை விளக்குமாறும் பதினஞ்சு புள்ளிக் கோலமும். பதினோரு வருஷமா.

இப்ப எழுந்ததும் முதல் வேலை அடுப்படியில நின்னுக்கிட்டு காபி, அப்புறம் மொட்டை மாடியில பத்து நிமிஷம் நடை. கோலம் ஆறு மணிக்கு மேல, அதுவும் ஒரு முட்டியை ஊணிக்கிட்டு. வாசலுக்கு நீளக் கம்பு வச்ச விளக்குமாறு. “வீடு பெருக்குற மாதிரியா இருக்கு, ரோடு கூட்டுற மாதிரில்ல இருக்கு”ன்னு மாமியார் முணுமுணுத்தாங்க. இப்ப அவங்களும் அதைத்தான் எடுக்கிறாங்க.

மூலையில இருந்த பிவிசி பைப்பு எதுக்குன்னு ரெண்டாவது தடவை போனப்பத் தெரிஞ்சுது. அதை முதுகோட ஒட்டிப் பிடிக்கணும். பின்மண்டை, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல, புட்டத்துக்கு மேல இருக்கிற எலும்பு, இந்த மூணு இடமும் பைப்பைத் தொட்டுக்கிட்டே இருக்க, புட்டத்தைப் பின்னால தள்ளிக் குனியணும். நான் குனிஞ்சதும் ரெண்டு இடம் விட்டுப்போச்சு. “இடுப்பை மடக்காதீங்கக்கா, தொடை சேருற இடத்துல மடங்குங்க. பஸ் கதவைப் புட்டத்தால சாத்துற மாதிரி.” இருபது தடவை செஞ்சும் வரல. அடுத்த வாரம் வீட்டுல ஒட்டடைக் கம்பை வச்சுக் கண்ணாடி முன்னால பழகுனேன், ஒரு நாள் திடீர்னு வந்துருச்சு. வந்ததும் தொடை பின்னால நரம்பு இழுக்குற மாதிரி இருக்கும், அதான் சரியான அடையாளம்னாங்க.

மூணாவது தடவைக்கு மாவு அள்ளுறதை மகனை விட்டு வீடியோ எடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஒரு நிமிஷ வீடியோ. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துட்டு, அன்னக்கூடை தரையில இருக்கிறதையும், நான் குனிஞ்ச வாக்கிலயே இடுப்பைத் திருப்பி அள்ளுறதையும் காட்டுனாங்க. குனியுறதும் திரும்புறதும் சேர்ந்தா உங்களுக்கு ஆகாது, காலை எடுத்து வச்சு உடம்போட திரும்புங்கன்னாங்க. ரெண்டு பழைய மர ஸ்டூல் போட்டு, அன்னக்கூடையும் குண்டானும் முட்டிக்கு மேல ஏறிடுச்சு. செலவு சுத்தமா இல்ல. பெல்ட்டைக் காட்டுனப்ப, அவசரத்துக்கு ஒரு நாள் போட்டுக்கலாம், பழக்கமாக்காதீங்கன்னாங்க. உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பர்ல, நாள்பட்ட இடுப்புவலிக்கு வழக்கமா பெல்ட்டும் டிராக்‌ஷனும் குடுக்க வேண்டாம், விளக்கிச் சொல்றதும் பயிற்சியும்தான் முக்கியம்னு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்குன்னு மகன் படிச்சுக் காட்டுனான். 900 ரூபாய் பெல்ட் இப்ப பரண்ல.

குறையே இல்லையான்னா, நிறைய இருக்கு. ரெண்டாவது மாடிக்கு 34 படி, லிஃப்ட் கிடையாது. முதுகுவலிக்காரங்களையும் முட்டிவலிக்காரங்களையும் பார்க்கிற இடத்துக்கு இது நியாயமா? ஒரு வயசானவர் ஒவ்வொரு படியா உட்கார்ந்து உட்கார்ந்து எறங்குனதை நானே பார்த்தேன். காத்திருக்கிற பெஞ்சு தாழ்வு, சாய்மானம் இல்ல. அதுல இருபது நிமிஷம் உட்கார்ந்தா உள்ள போகும்போது வலியைக் கேட்டு வாங்கிட்டுப் போற மாதிரி, நான் நின்னுக்கிட்டேதான் இருப்பேன். பயிற்சி எழுதின தாள் முழுக்க இங்கிலீஷ், குச்சி மனுஷன் படத்தோட. ஒரு தடவை மேடம் இல்ல, பயிற்சிக்கு வந்திருந்த பையன் பார்த்தான். போன்ல ஒரு கண்ணை வச்சுக்கிட்டே “நைன், டென், ஓகே மேடம்”. அன்னைக்கும் 400 வாங்கிட்டாங்க. அடுத்த தடவை சொன்னேன். மேடம் ஒன்னும் பேசல, ஆனா அதுக்கப்புறம் என்னை அவன்கிட்ட விடல.

மூணு வாரத்துல தொடைக் குடைச்சல் அறவே இல்ல. அப்ப எனக்கு வந்த மிதப்பு இருக்கே. தீபாவளிக்கு முந்தின வாரம், லோடுமேன் வரலைன்னு 25 கிலோ இட்லி அரிசி மூட்டையை ஆட்டோல இருந்து நானே இழுத்துட்டேன். மறுபடி பிடிச்சுக்கிச்சு. திட்டு விழும்னு நெனச்சுக்கிட்டுப் போனா, “வலி எங்க வரைக்கும் இறங்குச்சு?”ன்னுதான் கேட்டாங்க. பிட்டம் வரைக்கும்னேன். அதே பாம்புப் பயிற்சி. நாலு நாள்ல பழைய நிலைக்கு வந்துட்டேன், முதல் தடவை ரெண்டு மாசம் இழுத்த வலி. அப்புறம்தான் கனம் தூக்கவே சொல்லிக் குடுத்தாங்க. அஞ்சு லிட்டர் தண்ணி கேன்ல ஆரம்பிச்சு, பத்து, பதினஞ்சு. தவழுற மாதிரி நின்னு எதிரும் புதிருமா ஒரு கையும் ஒரு காலும் நீட்டுறது, ஒருக்களிச்சு முழங்கையில உடம்பைத் தாங்குறதுன்னு இடுப்பைச் சுத்தி பலத்துக்கு ரெண்டு பயிற்சி. இதெல்லாம் செம போர், வாரத்துல மூணு நாள்தான் செய்யறேன். மேடம்கிட்ட அஞ்சு நாள்னு சொல்லியிருக்கேன்.

ஒன்பது வாரத்துல ஏழு தடவை போனேன். 600 ஒரு தடவை, 400 ஆறு தடவை, ஆக 3000 ரூபாய். அந்த மீன் தொட்டி இடத்துல குடுத்ததைவிடக் குறைச்சல். இப்பவும் ரொம்ப நேரம் பஸ்ல உட்கார்ந்தா எட்டணா அகலத்துல அந்த இடம் முனகும். எறங்கி நின்னு பத்து தடவை பின்னால வளைஞ்சா அடங்கிடும். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பொம்பளை இப்படி வளைஞ்சுக்கிட்டு நின்னா நான்தான்.

போறவங்களுக்கு மூணு விஷயம். புடவை கட்டிக்கிட்டுப் போகாதீங்க, சுடிதாரோ நைட் பேன்ட்டோ நல்லது. நான் முதல் நாள் புடவையில போய்க் குப்புறப் படுத்து எழுந்திருக்கிறதுக்குள்ள கொசுவம் பூரா கையில வந்துருச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னால போனா கூட்டம் கம்மி, மேடமே பார்ப்பாங்க. நீங்க செய்யற வேலையை ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக் கையோட கொண்டு போங்க, அவங்க கேட்கிறதுக்கு முன்னாலயே.